பிள்ளைக்கு விடுமுறை, பெற்றவளுக்கு?

ஏப்ரல் மாதத்துக் கடைசி மணி அடிக்கிறது. பள்ளிக்கூட வாயிலிலே பட்டாளம்போலப் பாய்ந்து வருகின்றன பிள்ளைகள். பைகள் பறக்கின்றன, சட்டையிலே மை தெளிக்கிறது, "லீவு! லீவு!" என்ற முழக்கம் தெருவை நிறைக்கிறது. காண்போர் முகமெல்லாம் மலர்கிறது. மலராத முகம் ஒன்றும் உண்டு, தோழர்களே! தேங்காய்க் களத்திலே குனிந்து உட்கார்ந்து, சிரட்டையிலிருந்து பருப்பைப் பெயர்த்தெடுத்துக் கொண்டிருக்கிறாளே, அந்தத் தாயின் முகம். அவள் காதிலே அந்த மணி, மகிழ்ச்சி மணியாக அல்ல, கவலை மணியாக விழுகிறது. நாளை முதல் இவனை எங்கே விடுவது? இவளை யாரிடம் விடுவது?

எளிய கேள்வி. ஏடு தாங்கிய மேதைகள் எழுதாத கேள்வி. மாளிகைவாசிகளுக்கு எழாத கேள்வி. ஆனால் பொள்ளாச்சி வட்டாரத்திலே, ஆனைமலையிலே, கிணத்துக்கடவிலே, நெகமத்திலே, ஆண்டுதோறும் ஆயிரமாயிரம் குடிசைகளிலே சித்திரை பிறக்கும்போது கூடவே பிறக்கிற கேள்வி!

பொள்ளாச்சி என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது? தென்னந்தோப்பு, இளநீர், மாட்டுச் சந்தை, வெல்ல மண்டி, படம் பிடிக்க வருகிறவர்களுக்கு இயற்கை விரித்த பச்சைப் பட்டு. அழகுதான், மறுக்கவில்லை. வெள்ளித்திரை காட்டாத பொள்ளாச்சி ஒன்று இருக்கிறது. நார் மில்லிலே மட்டையடியிலே தூசி தின்று நிற்கிற பொள்ளாச்சி. பித் களத்திலே கொளுத்தும் வெயிலிலே வாரியும் பரப்பியும் வேகிற பொள்ளாச்சி. நூற்பாலையிலே இழை அறுந்த இடமெல்லாம் ஓடி ஓடி முடிச்சுப் போடுகிற பொள்ளாச்சி. அங்கே வேலை செய்பவர்களிலே பெண்கள் எத்தனை பேர் என்று வாயிலிலே நின்று பார்த்தாலே தெரியும். வடக்கேயிருந்து வந்து, களத்தை ஒட்டிய தகரக் கொட்டகையிலே குடும்பத்தோடு தங்கியிருப்பவர்களும் அவர்களிலே உண்டு. அவர்களுக்கு இங்கே பாட்டியும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை.

மில் தொழிலாளிக்கு நேரம் கடிகாரத்திலே இல்லை, ஷிப்டிலே இருக்கிறது. பகல் ஷிப்டு, அரை நைட்டு, முழு நைட்டு என்று மூன்று பொழுது. கணவன் முழு நைட்டு முடித்து வந்து சாய்கிற நேரத்திலே, மனைவி பகல் ஷிப்டுக்குத் தூக்குப்போசியோடு கிளம்புகிறாள். இருவருக்கும் நடுவிலே நிற்கிறது பிள்ளை. பள்ளி நடக்கும் மாதங்களிலே பகற்பொழுதுக்குப் பள்ளிக்கூடம் காவல். மே மாதத்திலே யார் காவல்? தூங்குகிற தகப்பன்!

களத்து வேலைக்குப் போகிற ஒரு சகோதரியிடம் நாம் கேட்டோம்: "லீவுல புள்ளைங்களை எங்கம்மிணி விட்டுட்டு வர்றே?"

சிரித்தாள். அந்தச் சிரிப்பிலே சிரிப்பு இல்லை.

"எங்கீங்ணா விடறது? மூத்தவளை வூட்டுக்குள்ள வெச்சு வெளியில பூட்டிப் போட்டு வந்தர்றேன். சின்னவனை இங்கயே கூட்டியாந்துக்குவேன். தொறந்து போட்டுட்டு வந்தா மனசு இங்க நிக்காதுங்ணா."

கேட்டீர்களா? பூட்டு! பணம் இருக்கிற வீட்டிலே பணத்துக்குப் பூட்டு. பணமில்லாத வீட்டிலே பெண் குழந்தைக்குப் பூட்டு. தகரக் கூரையின் கீழே, மே மாதத்து நண்பகலிலே, பதினொரு வயதுப் பிள்ளை உள்ளே உட்கார்ந்து சன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிறது. அதற்குப் பெயர் கோடை விடுமுறை!

இதற்கு மருந்து இருக்கிறதே, கோடைகாலப் பயிற்சி முகாம்கள் எத்தனை நடக்கின்றன என்பார்கள். ஆம், நடக்கின்றன. சித்திரை வந்தால் சுவரெல்லாம் விளம்பரம். சதுரங்கம், சிலம்பம், கராத்தே, கீபோர்டு, நீச்சல், ஓவியம், ஆங்கிலப் பேச்சு, எந்திர மனிதன் செய்யக் கற்றுத் தரும் வகுப்பு! பார்த்தால் நமக்கே சேர ஆசையாக இருக்கிறது. கட்டணத்தைப் பார்த்தால்தான் ஆசை அடங்குகிறது. அதைக்கூட விடுங்கள். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கட்டணம் செலுத்தத் துணிகிற தாய் உண்டு. அவளாலும் தாண்ட முடியாத வேலி ஒன்றை அந்த விளம்பரத்தின் அடியிலே சிறிய எழுத்திலே போட்டிருக்கிறார்கள்: "நேரம்: காலை 10 முதல் 12 வரை".

பத்து முதல் பன்னிரண்டு! பத்து மணிக்குக் கொண்டுபோய் விடவேண்டும். பன்னிரண்டு மணிக்குப் போய் அழைத்துவர வேண்டும். ஏழரைக்கே களத்திலே இருப்பவள் பத்து மணிக்கு எப்படி வருவாள்? அந்த நேரத்தை வகுத்தவர் மனத்திலே ஒரு தாய் இருந்திருக்கிறாள். அவள் வீட்டிலே இருக்கிற தாய். காரோ, ஸ்கூட்டரோ ஓட்டுகிற தாய். நல்லது, அவளும் வாழட்டும். ஆனால் வேலைக்குப் போகிற தாய்க்கு அந்த முகாம், நிலவு போல. அழகாகத் தெரியும், கைக்கு எட்டாது.

சர்க்கார் நடத்துகிற முகாம்களைப் பார்ப்போம். விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆண்டுதோறும் கோடைகாலப் பயிற்சி நடத்துகிறது. மாவட்டத் தலைநகரத்து மைதானத்திலே, தேர்ந்த பயிற்சியாளர்களைக் கொண்டு. நல்ல பணி; பாராட்டுகிறோம். வெயிலுக்கு அஞ்சி அதை அதிகாலையிலும் மாலையிலும் வைக்கிறார்கள். விளையாட்டுக்கு அதுதான் சரியான நேரம். ஆனால் அந்த நேரத்திலே தாய் வீட்டிலே இருக்கிறாள்! அவள் இல்லாத நேரத்துக்கு என்ன வழி? ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. ஆடலும் பாடலும் ஓவியமும் சொல்லித் தருகிறது. அது கோவையிலே. பொள்ளாச்சியிலிருந்து 40 கிலோமீட்டர். எட்டு வயதுப் பிள்ளையைத் தனியே பேருந்திலே ஏற்றிவிடவா?

ஆக, பணம் கொடுத்தால் கிடைப்பது நேரத்துக்கு ஒத்துவரவில்லை. பணம் குறைவாகக் கிடைப்பது தூரத்துக்கு ஒத்துவரவில்லை. இரண்டுக்கும் நடுவிலே பூட்டு ஒன்றுதான் ஒத்துவருகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் என்ன சொல்கிறது? ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாள் பள்ளி. ஆறு முதல் எட்டு வரை 220 நாள். இது குறைந்த அளவு. அப்படியானால் பிள்ளை பள்ளிக்குப் போகாத நாள் 145 வரை, சிறு வகுப்பென்றால் 165 வரைகூட இருக்கலாம். தாய்க்கு? தொழிற்சாலைச் சட்டம் 20 நாள் உழைத்தால் 1 நாள் சம்பளத்தோடு விடுப்பு என்றது. ஆண்டு முழுதும் 300 நாள் உழைத்தால் 15 நாள். வார விடுமுறை 52. கூட்டிப் பாருங்கள்: 67. இதுவும் பதிவேட்டிலே பெயர் உள்ளவளுக்கு. களத்திலே அன்றாடக் கூலிக்குப் போகிறவளுக்கு, போகாத நாள் கூலியில்லாத நாள். பிள்ளையின் நாட்காட்டியும் தாயின் நாட்காட்டியும் ஒரே ஆணியிலேதான் தொங்குகின்றன, ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை!

2023-இலே வெயில் வாட்டியது. சூன் முதல் வாரத்திலே திறக்கவிருந்த பள்ளிகளைத் தள்ளிவைத்து, பெரிய வகுப்புகளை 12-ஆம் தேதியும் சிறிய வகுப்புகளை 14-ஆம் தேதியும் திறந்தார்கள். 2024-இலும் சூன் 10-க்குத் தள்ளினார்கள். சரியான முடிவு, சின்னஞ்சிறு தலைகளை வெயிலிலே வாட்டலாகாது. ஆனால் மில் சங்கு தள்ளிப்போயிற்றா? களம் தள்ளிப்போயிற்றா? பள்ளி ஒரு வாரம் தள்ளிப்போனபோது, தாயின் பூட்டுக்கு ஒரு வாரம் கூடுதல் வேலை கிடைத்தது. அறிவிப்பு எழுதிய பேனா அதை அறியுமோ, அறியாதோ!

"எங்கள் காலத்திலே முகாமாவது மண்ணாவது! லீவு விட்டால் அம்மிச்சி ஊருக்குப் போவோம், ஆற்றிலே குதிப்போம், மாங்காய் அடிப்போம், அப்பிச்சி தோளிலே சந்தைக்குப் போவோம்" என்று பெருமூச்சு விடுகிற பெரியவர்கள் உண்டு. உண்மைதான். கொங்கு நாட்டுப் பிள்ளைக்கு அம்மிச்சி வீடுதான் பழைய கோடை முகாம். கட்டணமில்லை, நேரக் கட்டுப்பாடில்லை, கம்பஞ்சோறும் தயிரும் அளவில்லை. ஆனால் அந்த அம்மிச்சி இன்று எங்கே? அவளும் தோட்டத்து வேலைக்குப் போகிறாள். நூறு நாள் வேலைக்குப் போய் வந்தவள். ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறாள். இருந்த இரண்டு ஏக்கர் வீட்டுமனையாகிப்போன ஊரும் உண்டு. இன்னொன்றும் சொல்லவேண்டும்: அந்த அம்மிச்சி வீட்டு இன்பம் எல்லாருக்கும் இருந்ததா? நிலமுள்ளவனுக்கு இருந்தது. பண்ணையத்திலே கட்டுப்பட்டுக் கிடந்தவன் பிள்ளைக்கு, லீவு என்றால் மாடு மேய்ப்புதான். பழமையைப் பாடுகிறவர்கள் பாதிப் பாட்டைத்தான் பாடுகிறார்கள்.

ஆற்றிலே குதிப்போம் என்றார்கள் அல்லவா? அங்கே சற்று நிற்போம். கோடை வந்தால் ஏடுகளிலே ஒரு செய்தி தவறாமல் வருகிறது. குளிக்கப் போன சிறுவர்கள் மூழ்கினார்கள் என்று. கிணற்றிலே, வாய்க்காலிலே, கைவிடப்பட்ட கல்குழியிலே, அணைக்கட்டு ஓரத்திலே. நமது வட்டாரம் ஆழியாறும் பரம்பிக்குளமும் வாய்க்கால்களும் பாயும் வட்டாரம். பயிருக்கு உயிர் தரும் தண்ணீர், பார்ப்பாரில்லாத பிள்ளைக்கு எமன். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டிலே உலகெங்கும் நீரில் மூழ்கி மாண்டோர் ஏறத்தாழ 3 இலட்சம் பேர். அவர்களிலே கிட்டத்தட்ட நாலிலொரு பங்கு ஐந்து வயதுக்கும் குறைந்த குழந்தைகள்.

இதைத் தடுக்க வங்காளதேசத்திலே என்ன செய்தார்கள் தெரியுமா? குளமும் குட்டையும் வீட்டு வாசலிலேயே இருக்கிற நாடு அது. "ஆஞ்சல்" என்று ஊருக்குள் சிறுசிறு காப்பகங்கள் திறந்தார்கள். ஆஞ்சல் என்றால் முந்தானை! ஊர்ப் பெண் ஒருத்தியின் வீட்டிலேயே, அவளுக்குப் பயிற்சி கொடுத்து, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அங்கே கூட்டினார்கள். நேரம் என்ன தெரியுமா? காலை 9 முதல் பகல் 1 வரை. ஏன் அந்த நேரம்? தாய் சமையலிலும் வேலையிலும் மூழ்கியிருக்கிற நேரத்திலேதான் பிள்ளை தண்ணீரிலே மூழ்குகிறது என்று கணக்கெடுத்துக் கண்டார்கள். பயிற்சியாளருக்கு வசதியான நேரத்தை வைக்கவில்லை. பிள்ளைக்கு ஆபத்தான நேரத்தை வைத்தார்கள். அந்தக் காப்பகங்களுக்குப் போன குழந்தைகளிடையே மூழ்கிச் சாவது 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது என்று ஆய்வுகள் கூறின. ஏழை நாடு. ஓலைக் கூரை. ஒரு முந்தானை. அவ்வளவுதான் முதலீடு!

பெண் பிள்ளைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2019-இலே வெளிச்சத்துக்கு வந்த கொடுமைக்குப் பிறகு, பொள்ளாச்சித் தாய்மார் நெஞ்சிலே ஏறிய அச்சம் இறங்கவில்லை. 2025 மே 13-ஆம் நாள் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் சிறை விதித்தது. நாடே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. ஆனால் தீர்ப்பு குற்றவாளியைப் பூட்டியதே தவிர, கூலிக்காரி வீட்டுப் பூட்டைத் திறக்கவில்லை. பாதுகாப்பான இடம் ஒன்று இருந்தால்தான் அந்தப் பூட்டுத் திறக்கும்.

சின்னவனைக் களத்துக்கே கூட்டி வருவதாகச் சொன்னாளே அந்தச் சகோதரி, அதிலே இருக்கிறது இன்னொரு கண்ணி. கூலி எண்ணிக்கைக்கு என்றால், சும்மா உட்கார்ந்திருக்கிற கை எத்தனை நேரம் சும்மா இருக்கும்? முதல் நாள் வேடிக்கை. இரண்டாம் நாள் விளையாட்டு. மூன்றாம் நாள் வேலை! தாய் கொடுமைக்காரி அல்ல. நாலு சிரட்டை கூடுதலானால் நாலு காசு கூடுதல். சூனிலே பள்ளி திறக்கும்போது, அந்தக் கை புத்தகத்தை எடுக்குமா, சிரட்டையையே பிடித்துக்கொள்ளுமா?

சட்டம் தடுக்காதா என்பீர்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இலே வந்தது, 2016-இலே திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று முழங்கினார்கள். முழங்கிவிட்டு, பக்கத்திலேயே ஒரு சன்னலைத் திறந்து வைத்தார்கள். ஆபத்தில்லாத குடும்பத் தொழிலிலே, பள்ளி நேரம் போக, அல்லது விடுமுறைக் காலத்திலே, பிள்ளை குடும்பத்துக்கு உதவலாமாம்! விடுமுறைக் காலத்திலே! பிள்ளையின் விடுமுறையை என்ன செய்வது என்று நாட்டின் சட்டம் சிந்தித்த ஒரே இடம் இதுதான். சிந்தித்துக் கண்ட விடை: வேலை வாங்கு!

இந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றவில்லையா? 1953-இலே ஆச்சாரியார் கொண்டுவந்தாரே ஒரு திட்டம். சிற்றூர்த் தொடக்கப் பள்ளியிலே நாளுக்கு மூன்று மணி நேரம் படிப்பு. மிச்ச நேரத்திலே அப்பன் தொழிலைக் கற்றுக்கொள். குயவன் பிள்ளை சக்கரத்தைச் சுற்று. நாவிதன் பிள்ளை கத்தியைத் தீட்டு. "குலக்கல்வி" என்று பெயரிட்டு, பெரியார் எதிர்த்தார், அண்ணா எதிர்த்தார், நாடே எதிர்த்தது. 1954-இலே காமராசர் முதலமைச்சரானார். அந்த மே மாதத்திலேயே திட்டம் குழிக்குப் போயிற்று. கைவிட்டோம் என்று அறிவித்தவர் யார்? கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம், நம் பொள்ளாச்சிக்குப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரர்! குலக்கல்வித் திட்டத்தின் வேர் எது? பள்ளி நேரம் போக மிச்சமுள்ள பொழுதிலே ஏழைப் பிள்ளைக்கு உழைப்பு, பணக்காரப் பிள்ளைக்கு வீணையும் வயலினும் என்பதுதான். அரை நாளிலே நுழைய முயன்றதை அன்று தடுத்தோம். மே மாதத்திலே அது ஓசைப்படாமல் நுழைந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு வீட்டுப் பிள்ளை எந்திர மனிதன் செய்யக் கற்கிறது. இன்னொரு வீட்டுப் பிள்ளை எந்திரமாகக் கற்கிறது.

பசியைப் பற்றி ஒரு சொல். 1920-இலே சென்னை மாநகராட்சியிலே தியாகராயர் தலைமையிலே ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பகலுணவு போட்டார்கள் நீதிக் கட்சியினர். 1956-இலே காமராசர் அதை நாடெங்கும் விரித்தார். 1982-இலே எம்.ஜி.ஆர். சத்துணவு ஆக்கினார். 2022 செப்டம்பர் 15-இலே மதுரையிலே காலைச் சிற்றுண்டியும் தொடங்கியது. நூறாண்டுக் காலத்து வளர்ச்சி! வேறெங்கும் எளிதில் காணாத பெருமை. ஆனால் அந்த அடுப்பு ஏப்ரலோடு அணைகிறது. உச்ச நீதிமன்றம் 2004-இலே ஓர் ஆணையிட்டது. வறட்சிப் பகுதிகளிலே கோடை விடுமுறையிலும் பகலுணவு போடவேண்டும் என்று. அருமையான ஆணை. ஆனால் நாம் பணிவோடு கேட்கிறோம்: வறட்சி என்று கலெக்டர் கையெழுத்திட்டால்தான் மே மாதத்திலே பிள்ளைக்குப் பசிக்குமா?

காப்பகம் பற்றிச் சட்டங்கள் பேசாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பது பெண்கள் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1976-இலே அதை முப்பது ஆக்கினார்கள். வால்பாறை மலைமேலே தேயிலைத் தோட்டத்துக்கு 1951-ஆம் ஆண்டுச் சட்டம், ஐம்பது பெண்களோ இருபது பிள்ளைகளோ இருந்தால் காப்பகம் என்றது. 2025 நவம்பரிலே புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் வந்து, ஐம்பது தொழிலாளருக்கு மேல் என்று கணக்கை மாற்றின. நாற்பது பேர் வேலை செய்கிற நார் மில்லுக்கு? களத்துக்கு? அங்கே சட்டம் வாயிலோடு நின்றுவிடுகிறது. நுழைந்த இடத்திலும் ஆறு வயது வரைக்கும்தான். ஆறு வயது முடிந்த மறுநாள் பிள்ளை பெரிய மனிதன் ஆகிவிட்டதா? ஆறு வரை ஆலை. ஏப்ரல் வரை பள்ளி. ஏழு வயதுப் பிள்ளைக்கு மே மாதத்திலே ஊரும் இல்லை, உரிமையும் இல்லை.

உலகம் இதற்கு வழி காணாமலா இருக்கிறது? 1876-இலே சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிக் நகரத்திலே பியோன் என்ற பாதிரியார், நகரத்து ஏழைப் பிள்ளைகள் 68 பேரை அப்பன்செல் மலைக்கு அழைத்துப்போய்க் கோடையிலே தங்கவைத்தார். கோடை முகாம்களுக்கெல்லாம் மூதாதையரில் ஒன்று அது. அது பணக்காரப் பிள்ளைக்காகப் பிறந்ததல்ல, பாட்டாளிப் பிள்ளைக்காகப் பிறந்தது! பின்னர் பிரான்சிலே பாரீசை ஒட்டிய தொழிலாளர் நகராட்சிகள், இவ்ரி போன்றவை, தம் செலவிலேயே பிள்ளைகளைக் கடற்கரைக்கு அனுப்பின. தொழிலாளி வாக்களித்தான், நகராட்சி அவன் பிள்ளையைக் கடலுக்கு அழைத்துப்போயிற்று. நமக்கோ ஆனைமலை தலைக்குமேலே நிற்கிறது. மலைக்குப் போகிற சாலையிலே ஊரான் வீட்டுக் கார்கள் வரிசையாகப் போகின்றன. களத்துப் பிள்ளை கீழே நின்று கையசைக்கிறது.

சுவீடனைப் பாருங்கள். பள்ளி வயதுப் பிள்ளைக்குப் பள்ளி நேரம் போக மிச்ச நேரத்துக்கென்று ஓய்வுநேர இல்லங்கள் அங்கே உண்டு. பதின்மூன்று வயதாகும் வரை, பள்ளி விடுமுறையிலும்கூட, பெற்றோரின் வேலைக்கு எத்தனை நேரம் தேவையோ அத்தனை நேரம் நகராட்சி இடம் தரவேண்டும். கட்டணம்? 2002 முதல் உச்சவரம்பு. முதற் பிள்ளைக்குக் குடும்ப வருவாயில் 2 விழுக்காடு, இரண்டாவதற்கு 1, மூன்றாவதற்கும் 1, நான்காவதற்கு ஒன்றுமில்லை. முகாமின் விலையைப் பார்த்துத் தாய் தன் பையைத் துழாவவில்லை. தாயின் வருவாயைப் பார்த்து முகாம் தன் விலையைக் குறைத்துக்கொள்கிறது!

பணக்கார நாடு, நமக்கு எட்டுமா என்பார்கள். எட்டுகிற கணக்கையே போடுவோம். பள்ளிக் கட்டடம் சும்மா கிடக்கிறது, வாடகை இல்லை. சமையற்கட்டு இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது. ஆசிரியர்களைத் தொடவேண்டாம். ஓராண்டு உழைத்த ஆசிரியருக்கு ஓய்வு வேண்டும். அங்கன்வாடிச் சகோதரிகள் மே விடுமுறை கேட்டுப் போராடியதும் நியாயமே, அவர்களும் தாய்மார்தாம். வேறு ஆட்கள் இல்லையா? 2021 அக்டோபரிலே தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்திலே, மாலை வேளையிலே தெருத்தெருவாகப் பாடம் சொன்ன தன்னார்வலர்களிலே எத்தனை இளம்பெண்கள்! மாதம் ஆயிரம் ரூபாய்க்கு உழைத்தார்கள். அவர்களைப் போன்றோர் நால்வரை நாளுக்கு 500 ரூபாய் கூலிக்கு, 25 நாளுக்கு அமர்த்தினால் 50,000 ரூபாய். நாற்பது பிள்ளைகள், சாப்பாட்டுக்கும் சிற்றுண்டிக்கும் தலைக்கு நாளுக்கு 40 ரூபாய், அது 40,000. ஆகமொத்தம் 90,000. பிள்ளைக்கு நாளொன்றுக்கு 90 ரூபாய்! பெற்றோர் 20 ரூபாய் தரட்டும். மிச்சம் 70 ரூபாயை நகராட்சியும் ஊராட்சியும், அந்தப் பெண்களின் உழைப்பிலே இலாபம் காண்கிற ஆலைக்காரர்களும் பங்கிட்டுக் கொள்ளட்டும். தேங்காய் விலை ஏறும்போது சிரிக்கிறவர்கள், இதற்குச் சிணுங்கலாமா?

நேரம் காலை ஏழரை முதல் மாலை ஆறு. அதிலே அணுவளவும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சிலம்பம் இருக்கட்டும், ஓவியம் இருக்கட்டும். நண்பகலிலே இரண்டு மணி நேரம் பாய் விரித்துப் பிள்ளைகள் தூங்கினாலும் சரி. எதைக் கற்பிக்கிறோம் என்பது அடுத்த கேள்வி. எத்தனை மணி வரை வைத்துக்கொள்கிறோம் என்பதே முதற் கேள்வி. ஒன்றே ஒன்று மட்டும் கட்டாயம் கற்பிக்கவேண்டும் என்போம். நீச்சல்! ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும். ஒவ்வொரு முகாமிலும் இரண்டு பெண்களாவது பொறுப்பிலே இருக்கவேண்டும். யார் வருகிறார், யார் அழைத்துப்போகிறார் என்று ஏடு வைத்து எழுதவேண்டும். பூட்டை நம்பியிருந்த தாய் நம்மை நம்ப, அது வேண்டும்.

நூலகத்தை மறந்துவிடக் கூடாது. 1948-இலே, கொங்கு நாட்டுக்காரரான அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது, விடுதலை பெற்ற இந்தியாவிலே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் சென்னையிலே நிறைவேறியது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வாங்குகிறார்கள். ஓட்டு வீட்டுக்காரனும் அதைக் கட்டுகிறான். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களிலே திறந்திருக்கிற அந்தக் கட்டடத்திலே, மே மாதத்திலே பிள்ளைகளுக்கென்று ஒரு மூலை, ஒரு பாய், கதை சொல்ல ஓர் அக்காள். வரி கட்டியவன் கேட்கிறான், தானம் கேட்கவில்லை.

இனி, நம் தோழர்களிடம் சில சொல். கசக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். மே முதல் நாளிலே கொடியேற்றுகிறோம். 1923-இலே சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் ஏற்றிவைத்த வழக்கம் அது. எட்டு மணி நேர வேலைக்காக உயிர்விட்டவர்களைப் போற்றுகிறோம். கைதட்டுகிறோம். அதே மே முதல் நாளிலே, கைதட்டுகிற நம் வீட்டிலே பிள்ளை யாரிடம் இருக்கிறது? தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியல்களைப் புரட்டிப் பாருங்கள். போனஸ் உண்டு, பஞ்சப்படி உண்டு, சைக்கிள் நிறுத்தக் கொட்டகைகூட உண்டு. பிள்ளைக்கு ஒரு கொட்டகை? தேடித்தான் பார்க்கவேண்டும். ஏன்? பட்டியல் எழுதுகிறவன் ஆண். பிள்ளை பார்ப்பது பெண்ணின் பாடு என்று அவன் அடிமனத்திலே யாரோ எழுதி வைத்துவிட்டார்கள். பெண் ஏன் அடிமையானாள் என்று கேட்ட பெரியாரின் பெயரைச் சொல்கிறவர்கள், சங்கக் கூட்டத்திலே அந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்கலாமா? முழு நைட்டு முடித்து வந்த தகப்பனுக்கும் இது சொந்தக் கோரிக்கைதான். பிள்ளை முகாமிலே இருந்தால் அவனும் நாலு மணி நேரம் கண்ணயரலாம்!

சர்க்கார் செய்யும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. நம் இயக்கம் மாளிகையிலே வளரவில்லை, படிப்பகத்திலே வளர்ந்தது. சலூனிலே, தேநீர்க் கடைத் திண்ணையிலே, ஓலைக் கொட்டகையிலே ஏடு படித்து வளர்ந்தது. இரவுப் பள்ளி நடத்தியவர்கள் நம் முன்னோர். தஞ்சை மாவட்டம் வல்லத்திலே பெரியார் பிஞ்சுகளுக்குப் பழகு முகாம் நடத்துகிறார்களே, அது உறைவிட முகாம், சில நாளைக்கு. நமக்கு வேண்டியது தெருவுக்குப் பக்கத்திலே, நாள்தோறும், மாதம் முழுதும். பல ஊர்களிலே படிப்பகங்கள் பகலிலே பூட்டிக் கிடக்கின்றன. கேரம் பலகைகூடத் தூசியேறிக் கிடக்கிறது. கல்லூரியிலே படிக்கிற தங்கைகளும் தம்பிகளும் அதே மே மாதத்திலே வீட்டிலே இருக்கிறார்கள். ஓர் ஊரிலே, ஒரு படிப்பகத்திலே, இருபது பிள்ளைகளோடு தொடங்குங்கள். தமிழ்ப் பிள்ளைக்குப் பக்கத்திலே கொட்டகையிலிருந்து வந்த பீகார்ப் பிள்ளையையும் உட்காரவையுங்கள். அது நம் பிள்ளைக்கு நாலு சொல் கற்றுத் தரும், நாம் அதற்கு நாற்பது சொல் கற்றுத் தருவோம்.

வேலை பிப்ரவரியிலேயே தொடங்கவேண்டும். ஏப்ரலிலே விழித்தால் விளம்பரக்காரன் முந்திவிடுவான். முதலில் ஒரு நோட்டுப் புத்தகம். தெருவாரியாக: எந்த வீட்டிலே எத்தனை பிள்ளை, என்ன வயது, தாய் எத்தனை மணிக்குப் போகிறாள், எத்தனை மணிக்கு வருகிறாள், தகப்பனுக்கு எந்த ஷிப்டு. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு நகராட்சி உறுப்பினரிடம் போங்கள். வரவு செலவுத் திட்டம் போடும் முன்பே போங்கள். ஊராட்சியென்றால் கிராம சபையிலே எழுந்து படியுங்கள். தலைமையாசிரியரிடம் இரண்டு அறையும் ஒரு கழிப்பறைச் சாவியும் கேளுங்கள். நார் மில் முதலாளியிடம் போகும்போது தனியே போகாதீர்கள். பத்துத் தாய்மாரோடு போங்கள், ஷிப்டு முடிகிற நேரத்திலே.